வயிற்றுக்குள்ளும் ஒரு புலம்பெயர்வு

அகதியாக வந்தவர் எதை இழந்தார் என்று கேட்டால், நாம் உடனே ஒரு பட்டியலைச் சொல்லிவிடுவோம். வீடு, வளவு, கிணற்றடி, கோயில், உற்றார் உறவினர், பிள்ளைகளின் நாவிலே தங்காமற் போன தமிழ். இந்தப் பட்டியலில் எவரும் சேர்க்காத இழப்பு ஒன்றும் உண்டு. அது எம் கண்ணுக்குத் தெரியாமல், எமது குடலுக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

மனிதனுடைய பெருங்குடலிற் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. எமது உடலாற் சமிக்க முடியாத நார்ப்பொருளை இவை உண்டு புளிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு உணவாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலை நெறிப்படுத்துவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஊரிலே நாம் ஆசிரியராக இருந்த நாட்களில், கிருமி என்றாற் பகை என்றே பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். கை கழுவுங்கள், கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்று நாம் சொன்னவை இன்றும் சரியானவையே. ஆனால் அந்தப் பாடத்தின் மறுபாதி அன்று எமது பாடநூல்களில் இருக்கவில்லை.

அகதிகளாகிய நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய ஆய்வு ஒன்று, 2018ஆம் ஆண்டில் "செல்" என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. மினசோற்றாப் பல்கலைக்கழகத்தினர் அதனைச் செய்தனர். லாவோஸ் போரினாற் சிதறுண்ட மொங் இனத்தவரும், பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட கரென் இனத்தவரும் தாய்லாந்து வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர்கள். தாய்லாந்திலேயே தங்கியிருந்தோர், இங்கு குடிவந்தோர், இங்கு பிறந்த அடுத்த தலைமுறையினர் என 500இற்கும் மேற்பட்ட பெண்களின் குடல் நுண்ணுயிர்களை ஆய்வாளர் ஒப்பிட்டனர்.

கண்ட முடிவு எம்மைத் திடுக்கிட வைக்கிறது. வந்திறங்கி ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள்ளேயே ஊரிலிருந்து கூடவந்த நுண்ணுயிர்கள் அருகத் தொடங்கிவிட்டன. அமெரிக்கருக்குரிய இனங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தாவர நார்களைச் சிதைக்கும் ஆற்றலும் அவற்றோடு குன்றியது. ஆண்டுகள் செல்லச்செல்ல இழப்புக் கூடியது. இங்கு பிறந்த பிள்ளைகளிடத்தே அது மேலும் மிகுந்தது. உடல் பருத்தவர்களிடம் இழப்பு அதிகமாகவே காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை இந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை. உணவு மாற்றம் ஒன்றே முழுக் காரணமென்றும் அது கூறவில்லை. எனினும் எமது கதையை வேறொருவர் வயிற்றிற் படித்தது போன்ற உணர்வே எமக்கு ஏற்பட்டது.

தலைமுறை பற்றிய இந்த அச்சத்தைச் சான் பிரான்சிஸ்கோ குடாப்பகுதியிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று மேலும் வலுப்படுத்துகிறது. மனிதக் குடலின் நுண்ணுயிர்களைக் கொண்ட எலிகளுக்கு, நார்ப்பொருள் குறைந்த உணவைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துப் பார்த்தனர். முதலாந் தலைமுறை எலிகளுக்கு மீண்டும் நார் கொடுத்தபோது இழந்தவற்றுட் பெரும்பகுதி திரும்பிற்று. நான்காந் தலைமுறையிலோ நார் கொடுத்தும் அவை திரும்பவில்லை. ஜஸ்ரின் சொனன்பேர்க்கும் எரிக்கா சொனன்பேர்க்கும் அவர்தம் குழுவினரும் இதனை 2016இல் வெளியிட்டனர். எலி மனிதனல்ல என்பது உண்மை. ஆயினும் தாய் வழியாகப் பிள்ளைக்குச் செல்லும் முதுசொம் ஒன்று தாயின் உண்கலத்திலேயே கரைந்துபோகலாம் என்ற எச்சரிக்கையை நாம் புறக்கணிக்கலாகாது.

இனி எமது அடுக்களைக்கு வருவோம். குரக்கன் பிட்டு, தீட்டாத அரிசிச் சோறு, ஒடியற் கூழ், கீரைச் சுண்டல், பயறு, கௌபி, மோர், பழஞ்சோறு இவையெல்லாம் ஏழ்மையின் அடையாளமென எண்ணி நாம் கைவிட்டவை. இந்த நாட்டிலே இரண்டு வேலை செய்து நள்ளிரவில் வீடு திரும்பும் தாய் தந்தையருக்கு வெள்ளைப் பாணும் பீசாவும் கைகொடுத்தன. பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தமையால், எம் பிள்ளைகள் கறி மணக்கும் உணவுப் பெட்டியைத் திறக்கக் கூசினார்கள். ஆகவே எவரையும் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. முக்கியமாக, இந்தச் சுமை முழுவதையும் எமது பெண்களின் தலையில் ஏற்றிவிட்டு ஆண்கள் உபதேசம் செய்யும் வழக்கத்துக்கு நாம் உடன்படவில்லை.

பழையதெல்லாம் அமிர்தம் என்று கூறவும் நாம் வரவில்லை. குவியல் குவியலாக வெள்ளைச் சோறும், சீனி கொட்டிய தேநீரும் எமது பழைய பழக்கங்களே. குடாப்பகுதியிலும் சிக்காகோவிலும் 2010ஆம் ஆண்டு முதல் தெற்காசியர் 906 பேரைச் சேர்த்துத் தொடங்கிய "மசாலா" என்னும் ஆய்வு, இந்நாட்டின் ஏனைய இனத்தவரைவிட எம்மவரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதைக் காட்டியது. "பழஞ்சோறு தீர்க்காத நோயில்லை" என்று ஒன்றுகூடல்களிற் பேசுவோரும், நல்ல கிருமிகள் என்று சொல்லிக் குளிசை விற்போரும் எமது அறியாமையிலேயே பிழைக்கின்றனர்.

உண்மை இவ்வளவுதான். ஸ்ரான்போர்ட்டிலேயே 36 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் தயிர் முதலிய புளித்த உணவுகளை மிகுதியாக உண்டோரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ப்பொருளை மாத்திரம் கூட்டியவர்களிடம் அந்தக் குறுகிய காலத்தில் வகைகள் பெருகவில்லை. தோசையும் அப்பமும் புளித்த மாவிலிருந்து வந்தாலும், அடுப்புச் சூட்டில் அவற்றின் உயிர்கள் இறந்துவிடுகின்றன; மோரிலும் தயிரிலும் அவை உயிரோடு இருக்கின்றன. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் சமிக்காத நிலைக்கு மாறி, நாரைப் போலப் பெருங்குடலைச் சென்றடைகிறது. 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதைர் ஜேம்ஸ், புஷ்பராஜா தவராஜா ஆகியோர், தேங்காயெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிப் பன்னிரண்டு மணிநேரம் குளிரில் வைத்த சோற்றில் இவ்வகை மாப்பொருள் மிகுவதை அமெரிக்க இரசாயனச் சங்க மாநாட்டில் எடுத்துரைத்தனர். ஆனாற் சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்தால் நஞ்சு விளைக்கும் பற்றீரியாவும் பெருகும்; குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. நோயாளர் வைத்தியரைக் கேட்டே எதையும் மாற்றவேண்டும்.

நியூ ஜேர்சியில் வாழும் எம்மவர்க்கு இன்னொரு செய்தி. காசநோயை வென்ற ஸ்ரெப்ரோமைசின் 1943இல் அங்குள்ள றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா டொமிங்கஸ் பெய்யோ முதலிய அறிஞர்கள், மறைந்துவரும் மனித நுண்ணுயிர்களை விதைநெல் போலச் சேமித்துவைக்கும் களஞ்சியம் ஒன்று வேண்டுமென 2018இற் குரல் எழுப்பினர். கொல்லக் கற்ற இடத்திலேயே காக்கவும் கற்கிறார்கள். தடிமனுக்கெல்லாம் நுண்ணுயிர்கொல்லி மருந்து கேட்டு வைத்தியரை நச்சரிக்கும் பழக்கத்தை நாமும் கைவிடவேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. நியூ ஜேர்சியானாலும் ரெக்சாஸானாலும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பீசாவுக்குப் பதிலாக மாதம் ஒருமுறையாவது பயறும் மோரும் பரிமாறலாம். கோயில் அன்னதானத்திற் கீரைக்கும் தீட்டாத அரிசிக்கும் இடங்கொடுக்கலாம். வீட்டிலே பிள்ளைகளையும் ஆண்களையும் அடுப்படிக்கு அழைத்துச் சமையல் பழக்கலாம். மொங், கரென் மக்கள் அந்த மினசோற்றா ஆய்விற் பாடுபொருளாக மாத்திரம் நிற்கவில்லை. அவர்களுடைய சமூகத்தினரே ஆய்வாளரோடு சேர்ந்து உழைத்தார்கள். எமது சங்கங்களும் பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்டி, எம்மையும் எண்ணிக்கையிற் சேருங்கள் என்று கேட்கவேண்டும். "மசாலா" ஆய்விற் பெரும்பான்மையினர் இந்தியாவிற் பிறந்தவர்கள். போரும் பட்டினியும் முகாமும் கடந்து வந்த ஈழத்தவரின் உடல் சொல்லும் கதை வேறாக இருக்கலாம்.

மொழியைக் காக்க நாம் பாடசாலை அமைத்தோம். வழிபாட்டைக் காக்கக் கோயில் கட்டினோம். எம்மோடு கடல் கடந்து வந்த இந்தச் சிற்றுயிர்களைக் காக்கப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சட்டி கீரையும் ஒரு குவளை மோரும் போதும். பிள்ளைகள் எம்மோடு உண்ணும் வயதில் இருக்கும்போதே இதனைத் தொடங்குவோமாக.