பச்சை உடம்பும் ஆங்கிலச் சீட்டும்

பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்கிறது நம் பேச்சு வழக்கு. இத்தனை நுட்பமான சொல்லை ஆக்கிய சமூகம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அவள் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டொன்றைக் கொடுத்து அனுப்புகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பிள்ளை பிறந்து ஆறாம் நாள். தலை பிளப்பதுபோல் வலிப்பதாகவும் எழுத்துகள் மங்கித் தெரிவதாகவும் சொன்னார். உறக்கக் கேடு என்று முடிவுகட்டிய வீட்டார் லேகியம் கிண்டிக்கொண்டிருந்தனர். சீட்டை வாங்கிப் பார்த்தோம். இவ்விரண்டும் இருந்தால் உடனே வரவேண்டும் என்று கடைசி வரியில் கண்டிருந்தது. இரத்த அழுத்தம் மிக ஏறியிருந்ததால் அன்றிரவே மீண்டும் சேர்த்தார்கள். பேறுகால இரத்தக் கொதிப்பு, பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரையிலும் புதிதாகத் தலைகாட்டக்கூடும் என்பதை அன்றுதான் நாமும் அறிந்தோம்.

முதுகலை படித்தவருக்கு ஆங்கிலம் தெரியாதா என்று கேட்கலாம். தையல் வலியோடும் அழும் பிள்ளையோடும் வண்டி ஏறுகிறவள் எம்மொழியிலும் சீட்டுப் படிப்பதில்லை. அது சென்று சேரவேண்டிய இடம் மாமியாரின் காது, கணவனின் காது.

பத்தியத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாற்பது நாள் ஓய்வும் பிறர் கையால் உண்ணும் சோறும் எந்த மருத்துவரும் மறுக்காதவை. வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பதும், சூடு என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவதுமே கேடு. பேற்றுக்குப் பின்னும் 180 நாள் அதை உண்ணச் சொல்கிறது அரசின் திட்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அளித்த பரிந்துரைப்படி 48 முதல் 72 மணி நேரத்துக்குள், ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே, ஆறாம் வாரத்தில் என மூன்று முறையேனும் தாயைப் பரிசோதிக்க வேண்டும். நம் வீடுகளில் அந்நாள்களில் பரிசோதிக்கப்படுவது பெரும்பாலும் பிள்ளையின் எடைதான். இலக்கியமும் விலக்கன்று: பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தோம்; பெற்றவள் தேறிவரும் நாள்களுக்கு ஒரு பருவமும் வகுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் தமிழில் ஒரு பக்கம், குடும்பத்தாரை அமரவைத்து உரக்கப் படித்துக்காட்ட வேண்டும் என்பதே நம் கருத்து. கலைச்சொல் ஆர்வலர்கள் தயவுசெய்து இதில் கைவைக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், இரண்டு வாரம் கடந்தும் அழுகை ஓயாதிருந்தால், தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் நினைவு ஒருகணம் வந்தாலும், காத்திராமல் புறப்படுங்கள். இவ்வளவுதான்.

அன்று நாம் எழுதிக்கொடுத்த தாளை மாணவியின் மாமியார் அடுக்களையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். இளைய மருமகளின் பேற்றின்போதும் எண்ணெய்க் கறையோடு அது அங்கேயே இருந்தது.