மேசையின் மறுபக்கம் சந்திரா சார்

2021 மே 10-ம் தேதி தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கியது. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. இரண்டே நாளில், மே 12-ம் தேதி, சென்னையில் வி.சந்திரசேகர் கொரோனா பாதிப்பால் காலமானார். வயது 63.

சாதாரண நாளாக இருந்திருந்தால், டேபிள் டென்னிஸ் பேட்டைக் கையில் பிடித்த பாதிச் சென்னை அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கும். ஒரு கோச் போய்விட்டால் மாணவர்கள் வந்து நிற்பதுதானே அவருக்குச் செய்யும் மரியாதை? அதற்கும் வழியில்லாத மே மாதம் அது. வெளியூரில் இருந்தவர்கள், பெற்றோர் ஆகிவிட்ட பழைய மாணவர்கள் எல்லோருக்கும் செல்போன் திரையில்தான் அஞ்சலி.

இளையவர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது. சந்திரசேகர் மூன்று முறை தேசிய சாம்பியன். 1982-ல் அர்ஜுனா விருது வாங்கியவர். 1984-ல் முட்டி வலிக்காக ஓர் அறுவை சிகிச்சைக்குப் போனார். சரிசெய்துகொண்டு மறுபடி மேசைக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு போனவர்தான். அறுவை சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கலில் மூளை பாதிக்கப்பட்டது. பேச்சு போனது, நடை போனது, பார்வை மங்கியது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

டேபிள் டென்னிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது 1988-ல், சியோலில். நடுவில் நான்கே வருஷம். சியோலுக்குச் சந்திரா போயிருப்பாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முயற்சி செய்து பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

குழந்தைபோல மறுபடி நடக்கவும் பேசவும் பழகினார். கோர்ட்டுக்குப் போனார். நீண்ட வழக்கு, கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, இழப்பீடும் கிடைத்தது. மருத்துவக் கவனக்குறைவு என்று நீதிமன்றப் படியேறுவது அபூர்வமாக இருந்த காலம் அது. பிறகு தன் கதையை ‘மை ஃபைட்பேக் ஃப்ரம் டெத்ஸ் டோர்’ என்று ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார்.

ஆனால் சென்னையில் பலருக்கு அவர் வழக்கு ஜெயித்தவர் இல்லை, சாம்பியன்கூட இல்லை. ‘சந்திரா சார்’, அவ்வளவுதான்.

முன்புபோல ஓடி அடித்துக் காட்ட உடம்பு இடம் கொடுக்காத ஒருவர் கோச் ஆவது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த ஆட்டத்தைப் பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு ஷாட்டைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அடித்துக் காட்டுவது சுலபம். மணிக்கட்டு எந்த நொடியில் திரும்புகிறது, இடது கால் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் வார்த்தையில் கொண்டுவர வேண்டுமானால், ஆட்டம் கோச்சின் தலைக்குள் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்க வேண்டும்.

போதாக்குறைக்கு ஆட்டமும் மாறிக்கொண்டே இருந்தது. சந்திரா ஆடிய காலத்தில் பந்து 38 மில்லிமீட்டர்; 2000-ல் அது 40 ஆனது. ஒரு கேமுக்கு 21 பாயின்ட் என்பது 2001-ல் 11 ஆகச் சுருங்கியது. அடுத்த ஆண்டே, சர்வீஸ் போடும்போது பந்தை உடம்பால் மறைக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. இருபத்தொன்றில் ஐந்தாறு பாயின்ட் பின்தங்கினாலும் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து வரலாம். பதினொன்றில் அசந்தால் கேம் போச்சு. நடக்கவே புதிதாகக் கற்றுக்கொண்ட மனிதர், இந்த அவசர ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருந்தார்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இப்படிப்பட்ட ‘சார்’களைத் தெரியாதவர்கள் குறைவு. ஷிப்ட் முடித்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, தெருப் பையன்களுக்கு வாலிபாலோ கபடியோ சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள். பந்து வாங்கச் சொந்தக் காசு போகும். வீட்டில் திட்டும் விழும். சந்திரா தேசிய அளவில் பெயர் எடுத்தவர். இவர்கள் பெயர் அடுத்த தெருவைத் தாண்டாது. ஆனால் ஒரு பையன் மைதானத்துக்கு வராவிட்டால் ‘ஏன்டா வரலை?’ என்று வீடு தேடிப் போவதில் எந்த வித்தியாசமும் கிடையாது. ஸ்கோர் போர்டில் கோச் பெயர் எழுதும் வழக்கம் எந்த விளையாட்டிலும் இல்லை.

சந்திராவிடம் பயின்றவர்களில் எஸ்.ராமன், எம்.எஸ்.மைதிலி எல்லாம் நாடறிந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். சிறுவன் ஜி.சத்தியனும் அவர் கைபட்டு வளர்ந்தவர்தான். பின்னாளில் ராமனே கோச் ஆனார். சத்தியன் ராமனிடம் போய்ச் சேர்ந்தார். குருவின் மாணவர், அதே குருவின் இன்னொரு மாணவருக்குக் குரு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சத்தியன் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு உலகத் தரவரிசையில் முதல் 25 பேருக்குள் வந்தார். அதற்கு முன் எந்த இந்தியரும் அங்கே வந்ததில்லை.

சத்தியனின் முதல் ஒலிம்பிக், டோக்கியோ. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜூலையில் நடந்தது. சந்திரா சார் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹாங்காங்கின் லாம் சியூ ஹாங்குக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த சத்தியன், 3-4 என்று தோற்றார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. சந்திரா இருந்திருந்தால் அந்த ஐந்தாவது கேமைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று அவரிடம் பழகியவர்கள் யோசித்திருப்பார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது ராஷ்டிரபதி பவனில் வழங்கப்பட்டது. டேபிள் டென்னிஸுக்காக மேடையேறி அதை வாங்கியவர் எஸ்.ராமன். அவருடைய சார் இறந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.