சாமி குத்தமாம்!

வெள்ளிக்கிழமை பூசையில தவில் சத்தம் கேட்டதும் ஒரு பையன் காதைப் பொத்திக்கிட்டு அழுதான். ஆறு வயசு. தேவாரப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாமலே படிக்கிறவன். அவன் அம்மாகிட்ட நம்ம ஆளுங்க சொன்னது: "சாமி குத்தம், பரிகாரம் பண்ணும்மா." வெட்கமா இல்லையா?

பள்ளியில "இடமில்லை"ன்னு வாயாலேயே திருப்பி அனுப்பிட்டாங்க. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை அரசுப் பள்ளி மறுக்கக்கூடாது. 2019-லிருந்து நடப்பில் இருக்கும் ஸீரோ ரிஜெக்ட் கொள்கை அதுதான். மறுப்பை எழுத்துல கேளுங்க. சிறப்புக் கல்வி வகுப்போட நிறுத்திட்டா இவன் மூளை பட்டினி கிடக்கும். சாதாரண வகுப்புல சேர்த்து உட்கார வைக்கும் இன்குலூசிஃப் திட்டத்தையும் கேட்கணும். ஓ.கே.யூ. அட்டை அவமானம்னு யாரும் தடுக்காதீங்க.

திங்கட்கிழமை அவங்களோட ஜொகூர் பாரு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போறேன். மலாய்ல கடிதம் எழுதத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வாங்க.