காத்தவரைக் காப்பவர் யார்?

டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாள். 1949ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் அனுசரிக்கப்பட்டு வருகிறது. அன்று சிறு கொடியை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். உண்டியலில் காசு போடுகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிட்டதா? இதுவே என் கேள்வி.

மங்கலத்தில் எங்கள் வீதியிலேயே ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். 1971ஆம் ஆண்டுப் போரின்போது படையில் இருந்த இளைஞர், இன்று எழுபத்தைந்தைத் தாண்டிய முதியவர். பக்கவாதம் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டது. மகனும் மருமகளும் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால் இரவுதான் திரும்புவார்கள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், உடம்பு துடைத்துவிடுவதும், கஞ்சி புகட்டுவதும் ஆத்தாவின் வேலை. ஆத்தாவுக்கோ முழங்கால் வலி.

“அவரு எல்லையில நின்னப்ப ஒண்டியாத்தான் புள்ளைகள வளத்துனேன். இப்பவும் ஒண்டிதான் கண்ணு” என்றார் ஒருநாள். அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2003ஆம் ஆண்டு தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் ஓய்வூதியம் பெறும் வீரருக்கும் அவர் மனைவிக்கும் சிகிச்சை அளிக்கிறது. எண்பது வயதானால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். ஓய்வூதியமும் வேறு வருமானமும் இல்லாத, 65 வயது கடந்த வீரர்க்கும் விதவையர்க்கும் உரிய மாத உதவி, 2025 நவம்பர் முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. உதவியாளர் வைத்துக்கொள்ளத் தனிப் படியும் உண்டு. ஆனால் அது படைப்பணியால் முழு ஊனமுற்றவர்க்கே; முதுமையால் படுத்தவர்க்கு இல்லை.

ஆக, மருத்துவமனையில் வைத்தியம் உண்டு, வங்கியில் பணம் உண்டு. வீட்டில் தாங்கிப் பிடிக்கத்தான் கை இல்லை! வீட்டோடு இருந்து பார்க்க ஆள் தேடினால், கம்பெனிச் சம்பளத்தை விட்டு யார் வருவார்?

எனவே முதலாவதாக, உதவியாளர் படியைப் படுக்கையிலுள்ள முதிய வீரர் அனைவருக்கும் தர வேண்டும். மனைவியே பார்த்துக்கொண்டால் அப்பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, நம் ஊர்ப் பெண்களுக்கு நோயாளியைப் பேணும் பயிற்சியளித்து, தக்க சம்பளத்தில் இப்பணியில் அமர்த்த வேண்டும்.

மாணவியராகிய நாம் என்ன செய்யலாம்? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. படுக்கையிலுள்ளோர்க்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தரும் திட்டம் அது. ஆத்தாவுக்கு இது தெரியாது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரை எழுதிக் கொடுத்த பின்னரே அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. ஆத்தாவின் பெயரும் பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம். கணவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது இதுவே தடையாகலாம். இப்போதே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லலாமே! படித்த பிள்ளைகளுக்கு இது ஒரு மாலை நேர வேலை.

தோழியரே! உங்கள் வீதியிலும் இப்படியொரு வீடு இருக்கக்கூடும். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலருகே உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரமாவது ஆத்தா கண்ணயரட்டும். அடுத்த கொடி நாளுக்குள் இதைத் தொடங்குவோமா?