அகரம் ஒன்று விடுபட்டபோது

சென்ற தவணையின் இறுதியில் ஒருநாள், மேல்வகுப்பு மாணவர்க்கு அடைமொழி பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அடையடுத்து வரும் பெயரை இனமுள்ளது, இனமில்லது என நன்னூலார் இருவகையாக வகுப்பர். செந்தாமரை என்றவிடத்து வெண்டாமரையும் உண்டென்பது தானே பெறப்படும். அங்கே செம்மை இனத்தைப் பிரித்துக் காட்ட வந்தது. உப்பளம் அவ்வாறன்று. உப்பு விளையாத அளம் உலகத்தில் இல்லையாதலின், அவ்வடையை நீக்கினும் பொருள் கெடாது. நிலாவெளி உப்பளத்தை அறிந்த பிள்ளைகளாதலின் இரண்டாவது எளிதிற் பிடிபட்டது. முன்னதற்கு, தாமரையை விட்டு, அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டிய வேறோர் உதாரணத்தை நான் தேடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்தான்.

"சேர், கடையில விக்கிற மீன் சோஸ்ல பாஷாணம் இருக்காமே, உண்மையா?"

அவன் தமையனாரின் கைத்தொலைபேசிக்கு அப்படியொரு செய்தி வந்ததாம். தந்தை கடற்றொழிலாளி, தாய் கருவாடு போட்டு விற்பவர். ஆதலின் கேள்வியில் விளையாட்டு இல்லை. மீன் சோசில் நஞ்சு என்று தொடங்கும் பேச்சு, கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் வர எத்தனை நாள் செல்லும்?

அச்செய்தி எனக்குப் புதிதன்று. 2016 இல் வியட்நாமிற் பிறந்து, பிறந்த கிழமைக்குள்ளேயே பொய்யெனத் தள்ளப்பட்டு, இன்னும் சாகாமல் உலாவும் செய்தி அது. அதனை விளக்கப் புகுந்தபோது, நான் தேடிய உதாரணம் அதனுள்ளேயே கிடக்கக் கண்டேன்.

வியட்நாமியர் மீன் சோசை நுவொக் மாம் என்பர். நெத்தலி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு எனக் கலந்து, பெரிய மரத்தொட்டியில் ஓராண்டுக்கு மேல் கிடக்கவிட்டு வடித்தெடுக்கும் செந்நீர் அது. நம் நாட்டுத் தென்கரையார் இடும் ஜாடிக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு எனலாம். புக்குவொக் தீவின் மீன் சோசுக்கு 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் இடப்பெயர்க் காப்பு வழங்கியது. நமக்குத் தேங்காய்ப்பால் எப்படியோ, அவர்கள் அடுக்களைக்கு அது அப்படி.

2016 ஒக்டோபர் 17 ஆந் திகதி, வினஸ்தாஸ் என்னும் நுகர்வோர் சங்கம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 150 மாதிரிகளுள் 101 இல் ஆசனிக்கு அனுமதித்த எல்லையைக் கடந்துள்ளதென்பது அதன் சாரம். ஆசனிக்காவது நம் முன்னோர் பாஷாணம் என்ற குடும்பத்தது. பெயரைக் கேட்டமாத்திரத்தில் கைகால் நடுங்கும். ஏடுகள் அதனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. தலைமுறை தலைமுறையாகத் தொட்டி வைத்திருந்த சிற்றுற்பத்தியாளரின் வாணிபம் சரிந்தது.

எண்ணில் பொய்யில்லை. இதனை மறவாது நோக்குதல் வேண்டும். ஆய்வுகூடம் அளந்தது உள்ளபடியே அங்கே இருந்தது. ஆனால், அளந்தது ஒன்று. ஒப்பிட்ட எல்லை இன்னொன்றுக்கு உரியது. லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என வியட்நாம் வகுத்திருந்த எல்லை அசேதன ஆசனிக்குக்கு உரியது. உயிரைக் குடிப்பதும், வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகளில் இருந்துகொண்டு புற்றுநோயை விளைத்ததும் அதுவே. கடல்வாழ் உயிரினங்களில் இருப்பதோ பெரும்பாலும் சேதன ஆசனிக்கு. அதன் தலையாய வகை உடலிற் புகுந்தவாறே சிறுநீரிற் கழிந்துவிடும். சங்கமோ இரண்டையுங் கூட்டி மொத்தத்தை அளந்து, அசேதனத்தின் எல்லைக்கோட்டருகே நிறுத்திவிட்டது.

சேதனம், அசேதனம். இடையே இருப்பது ஓர் அகரம். தமிழகத்தார் வழக்கில் கரிமம், கனிமம் என்பர். அங்கும் ஓரெழுத்தே வேற்றுமை. இஃது இனத்தைப் பிரிக்க வந்த அடை. இதனைச் செய்தியாளர் உப்பளத்து உப்பாகக் கருதி, இடம் போதாதென்று உதிர்த்துவிட்டனர்.

இதிலும் ஒரு கொடுமை உண்டு. மீன் மிகுதியாகச் சேர்த்து நன்கு முதிரவிட்ட சாற்றிலே நைதரசன் கூடும்; விலையும் கூடும். மீன் கூடின் மீனோடு வந்த சேதன ஆசனிக்குங் கூடும். ஆதலின் அந்தப் பட்டியலில் மிக மோசமாகத் தோன்றியவை உயர்ந்த தரத்துச் சாறுகளே. நீரும் சுவையூட்டியும் கலந்து ஆலையிற் போத்தலடைத்தவை குற்றமற்றவையாய் விளங்கின. நல்லது செய்தவன் நல்லது செய்தமையாலேயே பிடிபட்டான்.

சுகாதார அமைச்சு ஒக்டோபர் 22 இல், தான் சோதித்த 247 மாதிரிகளுள் ஒன்றிலேனும் அசேதன ஆசனிக்கு எல்லை மீறவில்லையென அறிவித்தது. அடுத்த மாதம் 50 செய்தி நிறுவனங்கள் தண்டிக்கப்பட்டன. தான் நியென் என்னும் நாளேட்டுக்கு 20 கோடி டொங் தண்டம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் அமெரிக்க டொலர். தண்டித்தது சரியா என்று கேட்டால், எனக்கு முழு உடன்பாடில்லை. முதலில் எழுதியவனும் கண்ணைமூடிப் படியெடுத்தவனும் தவறினர் என்பது உண்மையே. ஆனால் அமைச்சு தண்டம் விதிக்கும் நாட்டிலே, நாளை உண்மையாகவே ஒரு போத்தலில் நஞ்சிருப்பின், அதனை எழுத எவன் துணிவான்?

அந்த ஐயம் வீணன்று என்பதற்கு 2019 சான்று. மீன் சோசில் அஞ்சத்தக்க பொருளொன்று மெய்யாகவே உண்டு. அதற்கு ஹிஸ்டமின் என்று பெயர். பிடித்த மீனைப் பனிக்கட்டியில் இடாது வெயிலிற் கிடத்தினால், பற்றீரியாக்கள் அதனை உண்டாக்கும். பின்னர் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சூரை, கும்பளா முதலியவற்றை உண்டு முகஞ்சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாந் தடித்து மருத்துவமனைக்கு ஓடியவர்களை நம் ஊரிலும் அறிவோம். மீன் சோசுக்குக் கிலோகிராமுக்கு 400 மில்லிகிராமே எல்லையென, உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2011 இல் விதித்திருக்கிறது. 2019 இல் வியட்நாம் அவ்வெல்லையை உள்ளடக்கிய புதிய நியமமொன்றை வரைந்தபோது, சிற்றுற்பத்தியாளர் கொதித்தெழுந்தனர். மார்ச்சில் அவ்வரைவு நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் எதிர்த்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் 2016 இற் சுட்ட பால் அவர்கள் நாவில் ஆறியிருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். பொய்ப் புலியைக் கண்டு ஓடிய ஊர், மெய்ப்புலி வந்தபோது கதவடைக்கவில்லை.

அடையை உதிர்ப்பது ஒருவகைப் பிழை; ஒட்டவைப்பது இன்னொன்று. 2018 யூலை 12 ஆந் திகதி விடியற்காலையில், கோவாவின் மார்காவ் சந்தைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வந்த மீனில் போமலின் உண்டென உணவு அதிகாரிகள் அவ்விடத்திலேயே சோதித்துக் கண்டனர். பிணம் பாடம்பண்ணும் திரவம் அது. அன்றைப் பொழுது சாயுமுன் அதே திணைக்களம், ஆய்வுகூடத்திற் பார்த்ததில் அஃது 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' இருந்தது என்றது. மீனைப் பாதுகாக்கப் போமலின் சேர்க்க அனுமதியே இல்லாதபோது, அனுமதிக்கப்பட்ட அளவு எங்கிருந்து வந்தது? மீனுடலில் இயல்பாகவே போமல்டிகைட்டு சிறிது தோன்றும் என்பதே உண்மை. அதனைக் காலையிலேயே விளக்கியிருக்கலாம். மாலையில் ஒட்டிய அடையை எவரும் நம்பவில்லை. சில நாட்களில் அம்மாநிலம் வெளிமீன் வரவையே மாத முடிவுவரை தடைசெய்ய நேர்ந்தது.

பிறநாட்டார் கதையையே சொல்லிக்கொண்டிருத்தல் தகாது. நானும் ஒருகாலத்தில் அடை கேளாது அஞ்சியவனே.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிண்ணியாவை எப்படி வாரிக்கொண்டு போயிற்று என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நான் விரிக்கவேண்டுவதில்லை, மருத்துவமனையுந் தப்பவில்லை. அதன்பின் சில மாதங்கள், மீன் பிணந்தின்றது என்ற பேச்சு நாடெங்கும் நிலவியது. உலக உணவு விவசாய அமைப்பு 2005 இன் தொடக்கத்திலேயே, அம்மீனை உண்பதால் நோய் பெருகியதற்குச் சான்றில்லை என அறிவித்தது. அவ்வறிக்கை எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை; பேச்சு வந்தது.

அப்போது எனக்கு முப்பது கடந்த வயது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் காக்கா ஒருவர், அலையிற் சொந்தங்களைப் பறிகொடுத்தவர், இரவல் தோணியிற் போய்வந்து, மாசி மாதத்து விடியற்காலையொன்றில் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். பெட்டியிற் கீரி மீன் மின்னியது. "இன்றைக்கு வேண்டாம் காக்கா" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"கடல் எங்கட ஆக்களைக் கொண்டுபோனதுக்கு இந்த மீன் என்ன செய்யும், சேர்?"

என்னிடம் விடையில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் கற்பித்த வாய், எந்த மீன், எந்தக் கடலடி, எவர் கண்டார் என்று ஒரு வினாவும் எழுப்பவில்லை. கீரி மிதவையுயிர் தின்னும் சிறுமீன். பிணத்தை அணுகும் வகையே அன்று. இதனை நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்.

2020 ஒக்டோபரிற் பேலியகொடை மீன் சந்தையிற் கொரோனாத் தொற்றுப் பரவிச் சந்தை மூடப்பட்டதும், நாடு மீண்டும் மீனைக் கண்டு அஞ்சியது. நவம்பர் 17 இல் முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலீப் வெதஆராச்சி, செய்தியாளர் முன்னிலையிற் பச்சை மீனொன்றைக் கடித்துத் தின்று காட்டினார். உலகமெல்லாம் அப்படத்தைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்காத மீனுக்காக ஒருவர் அவ்வளவு தூரம் இறங்கிவந்தாரே என்று இரங்கினேன். ஆனால் தின்று காட்டுதல் சோதனையாகாது. தொற்றிருந்தது சந்தையிற் கூடிய மனிதரிடத்து, மீனிடத்தன்று. இந்த ஒரு வேற்றுமையை முதல்நாளே ஊர்ப்பள்ளி ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்லியிருந்தால், அம்மனிதர் பச்சை மீனைக் கடித்திருக்கவேண்டா.

மறு ஆண்டு எக்ஸ்பிறஸ் பேர்ல் கப்பல் மே 20 இல் தீப்பற்றி, யூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது கொழும்புக்கு அண்மையில். நைத்திரிக்கமிலமும் பிளாத்திக்குக் குறுணியும் மேல்கடலிற் கொட்டின. அங்கே மீன்பிடி தடைசெய்யப்பட்டதும் முறையே. ஆயினும் கொட்டியாரக்குடாவிற் பிடித்த மீனையும் மக்கள் அதே கண்ணாற் பார்த்தனர். 'இலங்கை மீன்' என்ற பொதுப்பெயருள் மேல்கடலும் கீழ்கடலும் ஒன்றாகிவிட்டன.

ஆய்வுகூட முடிவு வரச் சில நாட்கள் செல்லும். கீரி மீன் நண்பகல்வரை காத்திராது. இவ்விரண்டு காலத்துக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் பேச்சு விளைகிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி மாதிரி எடுக்கிறார்கள், சோதிக்கிறார்கள். குற்றங் கண்டால் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், அது செய்தியாகிறது. குற்றங் காணாத சோதனைகளோ கோப்புக்குள் உறங்குகின்றன. சந்தை வாயிலில் விலைப்பலகைக்கு அருகே இன்னொரு பலகை தொங்கவிட்டு, இன்ன நாளில், இன்ன மீனில், இன்ன பொருள், இவ்வளவு, எல்லை இவ்வளவு என்று எழுதிவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சுண்ணக்கட்டி போதும். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அதற்கு எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு வருவோம். அந்த மாணவனிடம், அச்செய்தியின் தலைப்பை அடை கெடாமல் திருத்தி எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான்: 'மீன் சோசில் இருந்தது தீங்கற்ற சேதன ஆசனிக்கே, வியட்நாம் சுகாதார அமைச்சு 2016 இல் அறிவிப்பு'. பிழையில்லை, வலி மிகுமிடங்கூடச் சரியாக இருந்தது. தமையனாருக்கு அனுப்பினாயா என்று கேட்டேன்.

"அனுப்பின சேர். அவர் ஆருக்கும் அனுப்பல்ல."