கைநடுக்கம் எல்லாம் பயத்தால் வருவதல்ல



ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்றால் எங்கள் ஊர்களில் இரண்டு காரணங்கள்தான் சொல்வார்கள். "செல்லடிக்குப் பயந்தது, இன்னும் தெளியேல்லை" என்பது ஒன்று. "பாக்கின்சன் வந்திட்டுது, இனிக் கட்டில்தான்" என்பது மற்றது. இந்த இரண்டிலும் சேராத நடுக்கம் ஒன்று உண்டு. பாக்கின்சன் நோயைவிடப் பல மடங்கு அதிகமானோருக்கு இருப்பது அதுதான். இந்த மாதம் அதைப்பற்றி எழுதுகிறேன்.

வன்னியில் ஒரு தையல் வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே 56 வயது அக்கா ஒருவர் தேத்தண்ணியை வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. மடியில் வைத்திருக்கும்போது அசையாத கை, கோப்பையைத் தூக்கியதும் ஆடத் தொடங்கியது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகப் போக இன்னும் கூடியது. பாதித் தேத்தண்ணி சேலையில் சிந்திவிட்டது. நாலுபேர் பார்ப்பார்கள் என்று கலியாண வீடுகளுக்கும் போவதில்லையாம். 2009 இல் முள்ளிவாய்க்காலால் வந்தவர், கணவரை அங்கே இழந்தவர். ஆகவே நடுக்கத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நூல் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவரைக் கூடுதலாக நோகச் செய்தது வேறொன்று. வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாம் முறை பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்னார்களாம். "ஓ.எல். வரைக்கும் படிச்சனான் பிள்ளை. என்னைக் கைநாட்டு வைக்கப் பண்ணிப்போட்டாங்கள்" என்றார்.

"அக்கா, உங்கட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இப்பிடி இருந்ததோ?" என்று கேட்டேன். அப்பாவுக்குத் தலை ஆடும், வயது போனதால் என்று நினைத்தோம் என்றார். தனக்கு முதன்முதலில் கை நடுங்கியது எப்போது என்று யோசித்தபோது, மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்த 1992 ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. முள்ளிவாய்க்காலுக்கு 17 வருடம் முன்னர்!

வைத்தியர்கள் இதற்கு 'எசென்சியல் ட்றெமர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியே தமிழாக்கினால் 'அத்தியாவசிய நடுக்கம்'. அத்தியாவசியம் என்றால் எங்களுக்கு அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும்தான். நடுக்கம் யாருக்கு அத்தியாவசியம்? வேறு நோயொன்றின் விளைவாக இல்லாமல் தானாகவே இருக்கும் நடுக்கம் என்பதுதான் இதன் கருத்து. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும் அதனோடு தொடர்புடைய நரம்புப் பாதைகளும் சற்றுத் தாளம் தவறுவதால் இது வருகிறது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கும், 65 வயதைத் தாண்டியவர்களில் 100 பேரில் நாலைந்து பேருக்கும் இது இருக்கிறது. ஏறத்தாழப் பாதிப்பேரின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். கையோடு தலையும் குரலும் சேர்ந்து நடுங்கலாம். அமெரிக்க நடிகை கதரின் ஹெப்பேர்ணுக்குத் தலையும் குரலும் நடுங்கின. பாக்கின்சன் என்று ஊரெல்லாம் கதைத்தபோது, இது பாட்டனாரிடமிருந்து வந்தது என்று அவரே சொல்லிவிட்டார். நடுங்கும் குரலோடு நடித்து ஒஸ்கார் விருதும் வாங்கியவர் அவர்.

பாக்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் தெரியும். ஒரு பக்கத்தில் தொடங்கும். உடம்பு இறுகும், நடை சுருங்கும், எழுத்துச் சிறுத்துக்கொண்டே போகும். நான் சொல்லும் நடுக்கம் வேலை செய்யும்போது, இரண்டு கைகளிலும் வரும். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். பயத்தால் வரும் நடுக்கமும் உண்மையானதுதான், அதை நான் மறுக்கவில்லை. அது நெஞ்சுப் படபடப்போடும் வியர்வையோடும் வந்து, மனம் ஆறும்போது அடங்கிவிடும். இதுவோ அமைதியான காலை நேரத்திலும் இருக்கும். பயமும் பதற்றமும் அதைக் கூட்டிவிடும். வங்கியில் ஒருவர் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கையெழுத்து இன்னும் மோசமாவது இதனால்தான்.

எல்லா நடுக்கத்தையும் இந்தக் கணக்கில் போட்டுவிடவும் கூடாது. உடம்பு மெலிந்து, இருதயம் வேகமாக அடித்துக் கை நடுங்கினால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை வேண்டும். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து நடுங்கினால் உடனே சீனி கொடுங்கள். முட்டு வருத்தத்துக்கான சல்பியூட்டமோல், வலிப்புக்கான சோடியம் வல்புரோவேற், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றாலும் கை நடுங்கலாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். தலையில் காயம்பட்டவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். திடீரென ஒரு பக்கம் சோர்ந்து பேச்சுக் குழறினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடுக்கம் வேலைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் மருந்தே தேவையில்லை. இடைஞ்சல் என்றால் முதலில் கொடுப்பது பெரும்பாலும் புரொப்பிரனலோல் குளிசை. பிரஷருக்கும் கொடுக்கப்படும் பழைய, மலிவான மருந்து. எடுப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குணம் தெரியும். நடுக்கம் முற்றாகப் போகாது, குறையும். ஆனால் முட்டு, இழுப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரியின் குளிசையைக் கடன் வாங்கிப் போடவே கூடாது. தொடங்கிய பின் திடீரென நிறுத்தவும் கூடாது. மற்ற மருந்து பிறிமிடோன். இரவில் மிகச் சிறிய அளவில் தொடங்குவார்கள், முதல் நாட்களில் தலைசுற்றும், சத்தி வரும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் வேலையை இது குறைத்துவிடும்; கையில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் அப்படித்தான். கேட்காவிட்டாலும் இதை நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அப்படியே.

எந்த மருந்துக்கும் கேளாத கடும் நடுக்கத்துக்கு மூளைக்குள் மின்கம்பி வைக்கும் சத்திரசிகிச்சையும் (அமெரிக்காவில் 1997 இல் அனுமதிக்கப்பட்டது), வெட்டாமல் ஒலி அலைகளைக் குவித்துச் செய்யும் சிகிச்சையும் (2016) உண்டு. மிகச் சிலருக்கே அவை தேவைப்படும்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் பலருக்கு இந்த நடுக்கம் குறையும். குடிக்கும் ஆண்கள் இதைச் சாட்டாகச் சொல்வார்கள். வெறி இறங்கியதும் நடுக்கம் முன்னையைவிடக் கூடித் திரும்பும், பிறகு குடியும் கூடும். இது மருந்தல்ல.

தையல் வகுப்பு அக்காவுக்கு முட்டு வருத்தம் இல்லாததால் குளிசை தொடங்கினார்கள். நடுக்கம் ஏறக்குறையப் பாதி குறைந்திருக்கிறது. வங்கிக்குப் போய், இப்போதுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தாகப் புதிதாகப் பதியச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்த வசதியை நீங்களும் கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் பிடியுங்கள். ஆச்சிமாரின் பாரமான பித்தளைப் பேணி சிலருக்குப் பிளாஸ்ரிக் கோப்பையைவிட உதவும். தடித்த பேனை நல்லது. ஊசியில் நூல் கோர்க்கும் சிறு கம்பி தையல் சாமான் கடையில் கிடைக்கும். தேத்தண்ணியும் கோப்பியும் நடுக்கத்தைக் கூட்டுகிறதா என்று ஒரு கிழமை குறைத்துப் பாருங்கள். நித்திரை முழித்தால் கட்டாயம் கூடும்.

கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுபோங்கள். போக முன்னர் வெள்ளைத் தாளில், கையை மேசையில் ஊன்றாமல், நத்தை ஓடுபோல ஒரு சுருள் வரையுங்கள். இடது கையாலும் வரைந்து, திகதி போட்டு, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வைத்தியர்களும் இப்படித்தான் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். குளிசை தொடங்கி இரண்டு மாதத்தில் இன்னொன்று வரைந்து பக்கத்தில் வைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.