ஜெரிமாண்டர்: சிரிக்க வைக்கும் சொல், சிந்திக்க வைக்கும் கோடு

'ஜெரிமாண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை முதன்முறை கேட்பவருக்கு, சிறுவர் படக்கதையில் வரும் ஏதோ ஒரு பூதத்தின் பெயர் போலத் தோன்றும். அந்தச் சொல் பிறந்ததே ஒரு கேலிச்சித்திரத்தில்தான்.

1812-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் ஜெரி. தனது கட்சிக்குச் சாதகமாக செனட் தொகுதிகளை வெட்டி ஒட்டிய சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி கோணல்மாணலாக வளைந்து நெளிந்து கிடந்தது. அதற்குத் தலையும் சிறகும் நகமும் வரைந்து, அதே ஆண்டு மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெஜட்' பத்திரிகை வெளியிட்டது. பார்ப்பதற்குப் பல்லியைப் போன்ற 'சாலமாண்டர்' என்ற உயிரினமாகத் தெரிந்தது. ஜெரியின் பெயரையும் சாலமாண்டரின் வாலையும் சேர்த்து 'ஜெரிமாண்டர்' ஆக்கினார்கள்.

ஊரே சிரித்தது. ஆனால் அடுத்து வந்த தேர்தலில், மாநிலம் முழுவதும் குறைவான வாக்குகளைப் பெற்ற ஜெரியின் கட்சி, 40 செனட் இடங்களில் 29-ஐக் கைப்பற்றியது!

இது எப்படிச் சாத்தியம்? ஓர் ஊரில் 500 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தரப்புக்கு 300 பேர், மறு தரப்புக்கு 200 பேர். பெரும்பான்மைத் தரப்பினரில் 180 பேரை இரண்டே தொகுதிகளில், தொகுதிக்கு 90 பேராக அடைத்துவிட வேண்டும். எஞ்சிய 120 பேரை மற்ற மூன்று தொகுதிகளில் நாற்பது நாற்பதாகச் சிதறடிக்க வேண்டும். அந்த மூன்றிலும் மறு தரப்பு 60-க்கு 40 என வெல்லும். 200 பேர் உள்ள தரப்புக்கு மூன்று இடங்கள். 300 பேர் உள்ள தரப்புக்கு இரண்டு. ஒரு கள்ள ஓட்டுகூடப் போட வேண்டியதில்லை. கோட்டை மாற்றினால் போதும்.

இருநூறு ஆண்டுகள் கடந்தும் அமெரிக்காவில் இந்த நோய் தீரவில்லை. கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிகளை வரைவது பற்றிய வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் கைவிரித்தது. 2025-ல் டெக்சாஸில் குடியரசுக் கட்சியினர் தமக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி வரைபடத்தை மாற்றினர். பதிலடியாகக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியினரும் அதையே செய்தனர்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் நாட்டில் இந்தப் பணிக்குத் 'தொகுதி மறுவரையறை' என்ற கண்ணியமான பெயர் உண்டு. கணிசமான முஸ்லிம்கள் வாழும் பல தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதையும், அதே மாநிலங்களில் பட்டியல் சாதியினர் அதிகம் வாழும் தொகுதிகள் பொதுத் தொகுதிகளாக இருப்பதையும் 2006-ல் சச்சார் குழு சுட்டிக்காட்டியது. இதில் இரு சமூகங்களுக்குமே இழப்புதான்.

2022-ல் ஜம்மு காஷ்மீரில் புதிதாக உருவான ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு ஜம்முவுக்கும் ஒன்று காஷ்மீருக்கும் தரப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி காஷ்மீரில் 68 லட்சம் பேருக்கு மேல். ஜம்முவில் சுமார் 53 லட்சம். நிலவமைப்பையும் எல்லைப்பகுதியையும் கருத்தில் கொண்டதாக ஆணையம் விளக்கம் சொன்னது.

எல்லா மறுவரையறையும் சூழ்ச்சி என்று சொல்வது நியாயமல்ல. மக்கள் தொகை மாறும்போது எல்லைகளும் மாறத்தான் வேண்டும். ஆனால் கோட்டை யார் வரைகிறார்கள், எந்த அளவுகோலில் வரைகிறார்கள், அது எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா என்று கேட்பது குடிமக்களின் உரிமை.

2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி, ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனைகளைப் பெற்று, பொது அமர்வுகளும் நடத்த வேண்டும். ஆணை இறுதியான பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். ஆகவே வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், நம் தெரு எந்தத் தொகுதியில் சேர்க்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜமாஅத்துகளும் ஊர்நல அமைப்புகளும் வரைபடத்தையும் மக்கள் தொகைக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சமூகத்தாரையும் அழைத்துக்கொண்டு அந்த அமர்வுகளுக்குச் செல்ல வேண்டும்.

வாக்குச்சாவடியில் நாம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறோம். கோணல் கோடு விழுந்த இடத்திலோ, வேட்பாளர்தான் வாக்காளரைத் தேர்ந்தெடுக்கிறார்.